ஆள் குறைந்த பக்கம்

எங்கள் ஊர் கபடி அணி சொந்த மைதானத்தில் ஆடும்போது எதிரணிக்காகக் கத்துவதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு ஆள் இருந்தார். அவரை அணியில் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால், "என் பேரப் போடச் சொல்லி உன்ன யாருடா கேட்டது?" என்று நேரில் வந்து நிற்பார். அந்த வம்பு எனக்கு வேண்டாம். அத்தை என்றே இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் நான் பத்தாவது ஆள். பனியன் உண்டு, முதுகில் எண் உண்டு, களத்தில் இறங்குவது மட்டும் கிடையாது. மாற்று ஆட்கள் உட்காரும் பெஞ்சில்தான் என் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் கழிந்தது. அந்தப் பெஞ்சுக்கு நேர் பின்னால் கோணிச் சாக்கை விரித்து அத்தை உட்காருவார். காலையில் உப்பளத்து வேலையை முடித்து, குளித்து, தலையைச் சரியாகத் துவட்டக்கூட நேரமில்லாமல் வந்துவிடுவார். அவர் போடும் சத்தத்தில் முக்கால்வாசி என் வலது காதுக்குள்தான் போகும். இன்றைக்கும் யாராவது ரகசியம் சொல்ல வந்தால் நான் இடது காதைத்தான் நீட்டுகிறேன்.

சும்மா கத்தினால்கூடப் பரவாயில்லை. எங்கள் அணியின் கேப்டன் அவர் வீட்டுக்காரர். முதல் ரைடும் அவர்தான், கடைசி ரைடும் அவர்தான். அவர் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து அத்தையின் குரல் எழும்பும்.

"எடது காலத்தான் மொதல்ல வெப்பாரு! அந்தக் காலப் புடிங்கடா!"

கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வரும். "மூட்டு வலின்னு தைலம் தேச்சிக்கினுதான் வந்துருக்காரு! பயப்படாம மேல விழுங்கடா!"

கூட்டம் சிரிக்கும். கேப்டன் பாட்டை விடாமலே திரும்பி ஒரு முறை முறைப்பார். ரைடு முடிந்து பெஞ்சுப் பக்கம் வந்து, "வூட்டுலயே உளவாளி வெச்சிக்கினு நான் எங்கடா கப்பு தூக்கறது?" என்று எங்களிடம் அழுவார்.

எதிரணி என்று நான் சொல்வது முக்கியமாக ஒரே ஒரு ஊரை. கழுவெளி ஏரிக்கு மேற்கே, பெருமுக்கல் மலை கிட்டத்தில் தெரிகிற விவசாய ஊர். பொங்கலுக்குத் தொடங்கி சித்திரை வரைக்கும் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கோப்பை வைப்பார்கள். எந்த ஊர் வைத்தாலும் கடைசியில் அவர்களும் நாங்களும்தான் மோதுவோம். நாங்கள் உப்பளத்துக் கால்கள், அவர்கள் ஏர் ஓட்டிய கைகள் என்று மைக்கில் பேசுகிறவர் சொல்வார். இப்போது யார் ஏர் ஓட்டுகிறார்கள் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அந்த ஊர்தான் அத்தைக்குப் பிறந்த ஊர். அந்த அணியின் வலது மூலையில் நிற்பவர் அத்தையின் கூடப்பிறந்த தம்பி.

எனவே இது பிறந்த வீட்டுப் பாசம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அந்த முடிவு ஒரு மாசி மாதம் பொய்த்துப் போனது. அவர்கள் ஊரில் ஆட்டம். நாங்கள் ஒரு டாட்டா ஏஸில் அடைந்துகொண்டு போனோம், அத்தையும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தார். அங்கே போனதும் நேராகத் தன் பிறந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் போய்ச் சாக்கை விரித்தார். ஆட்டம் தொடங்கியதும் எங்கள் காதுகளை எங்களாலேயே நம்ப முடியவில்லை.

"அந்த வலது மூலக்காரன் எதுத்த வெயிலப் பாக்க மாட்டான்! மேக்கால போங்கடா எங்க ஊரு புள்ளைங்களா!"

வலது மூலைக்காரர், அதாவது தம்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தபடி நின்றார். அந்த ஒரு விநாடியில் எங்கள் ஆள் அவரைத் தொட்டுவிட்டு வந்துவிட்டான். நாங்கள் ஜெயித்தோம். திரும்பி வரும்போது வண்டியில் நான் அத்தையிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் அத்த, நீ எந்தப் பக்கம்தான்?"

"ஆளு கொறஞ்ச பக்கம்" என்றார். "நம்மூர்ல அவனுங்க பன்னெண்டு பேருதான் வர்றானுங்க, சுத்தி நிக்கறது பூரா நம்ம ஆளுங்க. பாவமா இருக்குது. இங்க நாமதான் பன்னெண்டு பேரு. வந்த எடத்துல ஒரு கொரலாவது வேணாமா?"

அத்தையின் ஒட்டுமொத்த சுபாவமும் இந்த ஒரு பதிலுக்குள் அடக்கம். அவரைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதே போல ஒரு கதை சொல்வார்கள். உப்பளத்தில் மேஸ்திரி யாராவது ஒரு பெண்ணைத் திட்டினால் அத்தை அந்தப் பெண்ணுக்காகச் சண்டைக்குப் போவார். எல்லாப் பெண்களும் சேர்ந்து மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டால், "அந்தாளு இன்னா பண்ணுவான், மேல இருக்கறவன் சொல்றான், இவன் செய்யறான்" என்று மேஸ்திரி பக்கம் போய் நின்றுகொள்வார். அந்த மேஸ்திரி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அந்தம்மா எனக்கு ஆதரவா பேசுனா எனக்கு பயம் வந்துடும்பா. ஊரே எதுத்து நிக்குதுன்னு அர்த்தம்."

கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று எல்லோரும் சமையல்காரரை வறுத்தெடுத்தபோது, அத்தை ஒருத்தர் மட்டும் இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அது வேறு கதை.

உப்பு என்றதும் எங்கள் ஊர் செய்த ஒரு மகத்தான காரியம் ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் எங்கள் ஊரில் கோப்பை வைத்தபோது, களத்தை அருமையாகத் தயார் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த தரை வேலை ஒன்றுதான். உப்புப் பாத்தி போடும்போது தண்ணீர் விட்டு, வரிசையாக நின்று, காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துவோம். அதையே கபடிக் களத்துக்கும் செய்தோம். தண்ணீருக்கு எங்கே போவது? பக்கத்திலேயே வாய்க்காலில் உப்பளத்துத் தண்ணீர் ஓடுகிறது. மோட்டாரைப் போட்டு இறைத்தோம். தரை சிமெண்டுத் தரையாட்டம் ஆனது. எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டோம்.

மறுநாள் வெயில் ஏறியதும் களத்தின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கேட்சில் நான்கு பேர் உருண்டார்கள், முட்டியும் முழங்கையும் சிராய்த்தன. அதற்குப் பிறகு நடந்ததைக் கபடி என்று சொல்ல முடியாது. சிராய்ப்பில் உப்பு ஏறி, எங்கள் ஏழு பேரும் அவர்கள் ஏழு பேரும் ஒரே மாதிரி "ஸ்ஸ் ஆ" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ரைடுக்குப் போனவன் "கபடி" என்று ஒரு தடவையும் "ஐயோ" என்று ஒரு தடவையுமாகப் பாடினான்.

அத்தை எழுந்து நின்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கேட்டார்: "பாத்தியில உப்பு வெளைய வெக்கத் துப்பில்ல, ஆட்டத்துல வெளைய வெச்சிட்டீங்களே!" பிறகு குழாயடிக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து எதிரணிப் பையன்களை வரிசையாக உட்கார வைத்து முட்டி கழுவிவிட்டார். எங்கள் ஆள் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு, "அத்த, எனக்கு?" என்றான். "உனக்கு ஊரே இருக்குது ஊத்த, போடா" என்று அடுத்த விருந்தாளியின் முழங்கையைப் பிடித்தார். அன்றைக்குக் கடைசியாக அவர் கழுவிவிட்டது தம்பியின் காலை. அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை மட்டும் காட்டினார். ஏனென்றால் அப்போது அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அது எப்படி நின்றுபோனது என்பதைச் சொல்ல வேண்டும். நான் அணியில் சேர்ந்த புதிதில் ஒரு சித்திரை மாத இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமமான புள்ளி, கடைசி ரைடு. கேப்டன் உள்ளே போனார். நேராக வலது மூலைக்கு, மைத்துனர் நிற்கும் இடத்துக்குப் போய், கையை வீசிவிட்டுத் திரும்பி ஓடிவந்து நடுக்கோட்டில் விழுந்தார். விரல் பட்டது என்றார். தம்பி படவில்லை என்றார். நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்துவிட்டார். கோப்பை எங்களுக்கு வந்தது. மாமனும் மச்சானும் மட்டும் களத்தை விட்டு நகரவில்லை. இரண்டு பேருமே ஒரே நேரத்தில் அத்தை பக்கம் திரும்பினார்கள்.

"நீ இங்கதான ஒக்காந்துருந்த? சொல்லு, பட்டுச்சுன்னு சொல்லு உன் தம்பிகிட்ட" என்றார் கேப்டன்.

"அக்கா, படலன்னு சொல்லுக்கா. மாமா பொய் சொல்றாருன்னு சொல்லு" என்றார் தம்பி.

ஊரே அத்தையின் வாயைப் பார்த்தது. அத்தை எழுந்தார், சாக்கை உதறி மடித்தார், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. யார் எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசுகிறவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. புருஷன் பொய்யைக் காட்டிக்கொடுக்க மனமில்லை என்று தம்பி நினைத்தார். தம்பி பொய்யைக் காட்டிக்கொடுக்க மனமில்லை என்று புருஷன் நினைத்தார். அடுத்த பொங்கலுக்குத் தம்பி சீர் எடுத்துக்கொண்டு வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. தெருவில் யாராவது அதைக் கிளறினால் அத்தை, "சீரு வரலன்னா இன்னா, மேட்ச்சு வருதில்ல. அவனப் பாத்துட்டுதான வர்றேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிறவர்களால்தான் சிரிக்க முடியாது.

இப்படியே சில வருடங்கள் ஓடின. அப்புறம் அத்தையின் மகள் பெரிய மனுஷி ஆனாள். எங்கள் கபடியின் கடைசிப் பருவம் என்று நான் மனதில் வைத்திருப்பது அந்த வருடத்தைத்தான். மஞ்சள் நீராட்டுக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சடங்கில் தாய்மாமன் வந்து மாலை போட வேண்டும், சீர்த் தட்டு வைக்க வேண்டும். அம்மா அப்பா இரண்டு பேரும் சேர்ந்து போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைக்க வேண்டும். ஒருவர் மட்டும் போய் அழைப்பது செல்லாது. கேப்டன் பிடிவாதமாக இருந்தார்.

"அன்னிக்கிப் பட்டுச்சுன்னு ஒத்துக்கட்டும். நானே பாக்கு வெக்கப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் மூலம் பதில் வந்தது. "படலன்னு மாமா ஒரு வார்த்த சொல்லட்டும். சீர் தட்ட தலையில வெச்சிக்கினு வர்றேன்."

கேப்டன் வீட்டு உறவினர்கள் வேறு ஒரு யோசனை சொன்னார்கள். மாமன் முறை ஆகிற வேறு யாரையாவது நிற்க வைத்துச் சடங்கை முடித்துவிடலாம் என்றார்கள். அத்தை அதைக் கேட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டாராம். "கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி இருக்கறப்போ எவனோ வந்து எம்பொண்ணுக்கு மாலை போடுவானா? சடங்கே வேணாம், வுடுங்க" என்றாராம். அன்றைக்கு அத்தை அழுதார் என்று என் அம்மா வந்து சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அத்தை அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

தெருவில் எல்லோரும் ஒரு கணக்குப் போட்டார்கள். சித்திரை இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தால் தம்பி ரோஷத்தில் வர மாட்டார். அவர்கள் ஜெயித்தால் கேப்டன் ரோஷத்தில் கூப்பிட மாட்டார். எப்படிப் பார்த்தாலும் தோற்கப்போவது அத்தைதான்.

அந்த இறுதி ஆட்டம் மரக்காணத்தில், இரண்டு ஊருக்கும் பொதுவான மைதானத்தில் நடந்தது. வெயில் தாழ ஆரம்பித்தபோது இரண்டு பக்கமும் டிராக்டர் டிராக்டராக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று சொல்ல முடியவில்லை. அத்தை வந்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எங்கள் பெஞ்சுக்கு எதிர்ப்புறம், நடுக்கோடு முடிகிற இடத்தில், இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தனியாகப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கத்தவே இல்லை. என் வலது காதுக்கு அது முதல் விடுமுறை.

நான் என் செல்போனில் ஆட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது ஆளுக்கு வேறு என்ன வேலை? ஊர் குரூப்பில் போடுவதற்காக எடுத்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது புள்ளிகள் மறுபடியும் சமமாக நின்றன. கேப்டன் ரைடுக்குப் போனார். அவருக்கு வயதாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அது அவருக்கும் கடைசி வருடம். இடது காலை முதலில் வைத்து, நேராக மைத்துனரின் மூலைக்குப் போனார். கையை வீசினார், திரும்பினார். தம்பி பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கப் பார்த்தார், எட்டாமல் முட்டி அடிபட விழுந்தார். கேப்டன் விழுந்து புரண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்.

கை வீசியபோது பட்டது என்றார் ஒருவர், படவில்லை என்றார் மற்றவர். பழைய சண்டை அப்படியே எழுந்து நின்றது. சுற்றியிருந்த கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தது. நடுவருக்கும் சரியாகத் தெரியவில்லை. யாரோ என்னைக் காட்டி, "அவன் வீடியோ எடுத்தான், அதப் பாருங்க" என்று கத்தினார்கள். விளையாட்டு வாழ்க்கையில் முதல்முறையாக நான் களத்துக்குள் அழைக்கப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நடுவர் பார்த்தார். கை வீசும் இடத்தில் சரியாக இன்னொரு ஆட்டக்காரரின் முதுகு குறுக்கே வந்து மறைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியலப்பா" என்று போனை நீட்டினார். கேப்டன் அதை வாங்கிக்கொண்டார். தம்பி அவர் தோளுக்கு மேல் தலையை நீட்டினார். பேசாமல் இருந்த இத்தனை வருடங்களில் அந்த இரண்டு தலைகளும் அவ்வளவு கிட்டத்தில் வந்தது அப்போதுதான்.

மறைத்த அந்த முதுகுக்குச் சற்றுத் தள்ளிப் பின்னால், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அத்தை தெளிவாகத் தெரிந்தார். முந்தானையை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கேப்டன் அந்த மூலைக்குள் போனதும் மூடிய கண்கள், அவர் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்த பிறகுதான் திறந்தன.

கேப்டன் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். இந்த முறை இரண்டு பேரும் கையைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தார்கள். எனக்கும் அப்போதுதான் ஒன்று உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும், கேப்டன் அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் பின்னால் குரல் நின்றுவிடும். தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்ததே இல்லை.

கேப்டன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அத்தையிடம் போனார். தம்பியும் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். நானும் போனேன், போன் என்னுடையதாயிற்றே.

"ஏம்மா, அன்னிக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார் கேப்டன்.

"என்னிக்கும் இப்படித்தான்" என்றார் அத்தை. "நீங்க அவன் மூலைக்குப் போனீங்கன்னா நான் கண்ணத் தொறக்கறதே இல்ல. யாருக்கு அடிபட்டாலும் என் வூட்டுக்குத்தான வரும்?"

 கேப்டன் விறுவிறுவென்று விழாக் குழுவினர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார். அங்கே சிறப்பு விருந்தினருக்கு மரியாதை செய்யத் தாம்பாளம் ஒன்று தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு சால்வை. யாரையும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்பா, அது தலைவருக்கு வெச்சதுப்பா!" என்று ஒருவர் பின்னாலேயே ஓடிவந்தார். கேப்டன் காதில் வாங்கவில்லை. அத்தையைக் கைபிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருமாகத் தாம்பாளத்தை நீட்டினார்கள்.

"மச்சான், வைகாசியில சடங்கு. நீ வந்துதான் மாலை போடணும்."

தம்பி புழுதிக் கையை டவுசரில் துடைத்தார். துடைத்தும் போகவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டார். கயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்த கூட்டம் என்ன நடக்கிறது என்று புரிந்ததும் கை தட்ட ஆரம்பித்தது. நானும் தட்டினேன், போன் கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

நடுவர் அந்த ரைடுக்குப் புள்ளி இல்லை என்று சொல்லி விசிலை ஊதினார். மீதி ஆட்டத்தை ஆடினோம். ஒரு புள்ளியில் தோற்றோம். சிறப்பு விருந்தினர் சால்வை இல்லாமலே கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தார். பக்கத்தில் கேப்டன் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்க்கா, பாக்கலன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"இன்னா பாத்தன்னு ரெண்டு பேருல ஒருத்தனாவது என்னக் கேட்டீங்களாடா?" என்றார் அத்தை. "பட்டுச்சுன்னு சொல்லுன்னாரு அவரு. படலன்னு சொல்லுன்ன நீ. நான் எதச் சொன்னாலும் ஒருத்தரு எனக்கு இல்லாமப் பூடுவீங்கன்னு இருந்தேன். சொல்லாம இருந்தும் நீ பூட்ட."

 அத்தை கோப்பையை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீர் தட்டு இருபத்தொண்ணுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் வாசல்லயே நிக்க வெப்பேன், சொல்லிட்டேன்" என்றார்.